எங்கேஜ்டு டோனுக்கு இருந்த நேர்மை

தொலைபேசித் துறையில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், பெருமுக்கலில் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறவர்கள் ஒரே புகாரை மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். “ஏன் சார், போனு சட்டைப் பையில ஆன்லதான் இருக்குது. வூட்லேர்ந்து பண்ணா சுவிட்ச் ஆஃப்னு சொல்லுதாம். வூட்டுக்குப் போனா சண்டை. நான் பொய் சொல்றேனாம்!”

அவர் பொய் சொல்லவில்லை. வீட்டுக்காரம்மாவும் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நடுவில் பேசிய அந்தக் குரல். இனிமையான, படித்த, பதிவு செய்யப்பட்ட குரல். இந்தக் குரலைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் கோபமாக எழுதப்போகிறேன். பழைய தொலைபேசிக்கு வக்காலத்து வாங்குகிற கிழவன் என்று இளையவர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். முழுக்கப் படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

ஆதியிலிருந்து வருவோம். கையால் இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் இருந்த காலத்தில் நடுவில் ஒரு மனுஷி இருந்தார். டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்போம். அர்ஜென்ட் என்றால் இரு மடங்கு, லைட்னிங் என்றால் எட்டு மடங்கு கட்டணம். ஆபரேட்டர் அம்மா, “லைன் கிடைக்கலீங்க”, “மணி அடிக்குது, எடுக்கல”, “அந்த நம்பர்ல பேசிக்கிட்டிருக்காங்க” என்று நடந்ததை நடந்தபடி சொல்வார். தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்து அந்த அம்மாவின் நாற்காலி காலியானதும், அவர் சொன்ன வாக்கியங்களுக்குப் பதிலாகச் சத்தங்களை வைத்தார்கள். அவைதான் டோன்கள். துறைப் பாஷையில் அழைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் டோன்கள்.

நம் நாட்டு டோன்களை எண்ணோடு சொல்கிறேன். இந்தக் கணக்கு பிறகு தேவைப்படும். அடிப்படைச் சுருதி 400 ஹெர்ட்ஸ். ரிசீவரை எடுத்ததும் ‘கொர்ர்ர்’ என்று விடாமல் கேட்கும் டயல் டோன், அந்த 400-ன் மேல் 25 ஹெர்ட்ஸ் அலையை ஏற்றியது. எதிர்முனையில் மணி அடிக்கும்போது நமக்குக் கேட்பதும் அதே சத்தம்தான், ஆனால் தாளம் வேறு: 0.4 விநாடி ஒலி, 0.2 இடைவெளி, மறுபடி 0.4 ஒலி, பிறகு 2 விநாடி மௌனம். ஆக ஒரு சுற்றுக்கு மூன்று விநாடி. எதிர்முனைக்காரர் பேசிக்கொண்டிருந்தால் எங்கேஜ்டு டோன்: முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி மௌனம், நிதானமாக. நாலாவது ஒன்று உண்டு, அதைத்தான் பலர் மறந்துவிட்டார்கள். கால் விநாடி ஒலி, கால் விநாடி மௌனம், பதறிப் பதறி அடிக்கும் வேக டோன். நெரிசல் டோன் என்று பெயர்.

இந்த மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் என் கட்டுரையே இருக்கிறது. நிதானமான டோன் கேட்டால் அர்த்தம்: “நீ கூப்பிட்ட ஆள் வேறு யாரோடோ பேசுகிறார்.” காரணம் அவர். வேகமான டோன் கேட்டால் அர்த்தம்: “எங்களிடம் காலி ஜங்ஷன் இல்லை, உன் அழைப்பை எங்களால் கொண்டுபோக முடியவில்லை.” காரணம் நாங்கள். எக்ஸ்சேஞ்ச் தன் குற்றத்தைத் தானே, தன் வாயாலேயே, ஒப்புக்கொண்ட சத்தம் அது.

பொங்கல் காலையிலும் தீபாவளி காலையிலும் ஊரே ஒரே நேரத்தில் டயல் செய்யும். வேக டோன் அலறும். வாடிக்கையாளர்கள் நேராக எங்களுக்குப் போன் போட்டுத் திட்டுவார்கள். “ஏன்யா, சம்பளம் வாங்கறீங்க இல்ல?” என்பதுதான் அதில் நாகரிகமான வாக்கியம். மரக்காணத்து உப்பு வியாபாரிகள் வாரும் சீசனில் விலை கேட்க ஒவ்வொரு ஊராகக் கூப்பிடுவார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் ஜங்ஷன் கிடைக்காவிட்டால் ஒரு லாரி லோடின் விலையே மாறிவிடும். அவர்கள் திட்டியது நியாயம். யார் பக்கம் தப்பு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் திட்டுகள் மேலே போய், மேலே இருப்பவர்கள் கோப்பை நகர்த்தி, ஜங்ஷன் எண்ணிக்கை கூடியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். டோன் உண்மை சொன்னதால் திட்டு சரியான விலாசத்துக்குப் போனது. திட்டு சரியான விலாசத்துக்குப் போனதால் வேலை நடந்தது.

இப்போது இருப்பதைப் பாருங்கள். கோபுரத்தில் இடம் இல்லையா? “நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்.” கோபுரத்துக்கு டீசல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றுவிட்டதா? “நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது.” எந்தத் தவறானாலும் எழுவாய் நீங்கள் அழைக்கிற அந்த அப்பாவிதான். “எங்கள் கோபுரம் வேலை செய்யவில்லை” என்று ஒரு முறையாவது அந்தக் குரல் சொல்லி யாராவது கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

இதன் உள் விவரமும் சொல்லிவிடுகிறேன். செல்போனை அணைக்கும்போது அது வலையமைப்பிடம் “போய் வருகிறேன்” என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் அணையும். கோபுரம் செத்துப்போனால் அந்தச் செய்தி வராது. ஆனால் குறிப்பிட்ட நேரம் வரை போனிடமிருந்து எந்தத் தகவலும் இல்லையென்றால், வலையமைப்பு தானாகவே அதை ‘இல்லை’ என்ற கணக்கில் எழுதிவிடும். விடைபெற்றுப் போனவர் யார், இவர்களே தொலைத்துவிட்டவர் யார் என்ற வேறுபாட்டை நம்மிடம் சொல்ல மனமில்லாமல், இரண்டுக்கும் ஒரே பதிவை ஓடவிடுவது சுலபமாக இருக்கிறது.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்ததும், மயிலம் பக்கம் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அன்று இரவு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்துகொண்டு, தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ‘சுவிட்ச் ஆஃப்’ என்றே கேட்டது. எண்பது வயதுக் கிழவி போனை அணைத்து வைக்கமாட்டாள்; அணைக்கவே தெரியாது. அப்படியானால் என்ன ஆயிற்று? வீடு இடிந்ததா, தண்ணீர் புகுந்ததா? ஒரு இரவு முழுக்க அந்தப் பிள்ளைகள் பட்ட பாடு இருக்கிறதே! கிழவி அரிக்கேன் விளக்கு வைத்துக்கொண்டு, சார்ஜ் இருந்த போனைக் கையில் பிடித்துக்கொண்டு, பிள்ளை ஏன் கூப்பிடவில்லை என்று உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு வேக டோன் கேட்டிருந்தால் பிள்ளைக்குப் புரிந்திருக்கும்: “அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, லைனுக்குத்தான் ஏதோ.”

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் வந்தபோது இதே கரையில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. ஆனால் கம்பி அறுபடாத வீடுகளில் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் வந்தது. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து வருகிற சக்தி அது. வீட்டு மின்சாரம் தேவையில்லை. டயல் டோன் வந்தால் எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் பாதை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் இல்லை. செல்போனில் நாலு கோடு தெரியும். டயல் செய்தால் பேச்சு மூச்சு இருக்காது.

இனி அந்தச் சில்லு விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண மனிதனுக்கு மட்டும் அல்ல, எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன ஐ.சி.க்குக்கூட இந்த டோன்களின் பாஷை புரிந்தது. அமெரிக்காவில் டெல்டோன் என்ற கம்பெனி எம்-980 என்று ஒன்று செய்தது. மின்சாரம் மிகக் கொஞ்சமாகக் குடிக்கும் சீமாஸ் வகை. வெளியே வைக்க வேண்டியது, அமெரிக்கக் கலர் டி.வி.களில் மலிவாகக் கிடைக்கும் 3.58 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்று. போன் லைனில் 305 முதல் 640 ஹெர்ட்ஸுக்குள் ஏதாவது ஒலி இருந்தால் தன் காலைத் தூக்கும், இல்லாவிட்டால் இறக்கும். அவ்வளவுதான் அதன் படிப்பு. அமெரிக்க டோன்களின் சுருதி 350, 440, 480, 620. நம்முடையது 400. எல்லாம் அந்த வேலிக்குள் அடங்கிவிடும். அதனால் அங்கே பிறந்த சில்லுக்கு மரக்காணம் டோனும் கேட்டது. தூக்கிய நேரம், இறக்கிய நேரம் இரண்டையும் எண்ணினால் போதும். இரண்டு குட்டி ஒலி, நீண்ட மௌனம் என்றால் மணி அடிக்கிறது. முக்கால், முக்கால் என்றால் எங்கேஜ்டு. மணியின் தாளம் அறுந்து மூன்று விநாடிக்கு மேல் அமைதி என்றால் யாரோ எடுத்துவிட்டார்கள்.

என் மச்சானுக்கு மரக்காணத்தில் உப்புக் கிடங்கு இருந்தது. ராத்திரித் திருட்டுக்குப் பயந்து ஒரு பெட்டி செய்து தரச் சொன்னார். சென்னை ரிச்சி தெருவில் இந்த வகைச் சில்லு ஒன்று வாங்கி வந்து செய்தேன். கிடங்குக் கதவு அகாலத்தில் திறந்தால் பெட்டி தரைவழி போனிலிருந்து மச்சானைக் கூப்பிடும். எங்கேஜ்டு என்றால் ஒரு நிமிஷம் பொறுத்து மறுபடி கூப்பிடும். எடுத்ததும், “கிடங்குக் கதவு திறந்திருக்கிறது” என்று பதிவு செய்த என் குரலை மூன்று முறை சொல்லிவிட்டு வைத்துவிடும். இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

பிறகு மச்சான் செல்போனில் ஒரு நாள் காலர் டியூன் வந்து உட்கார்ந்தது. அவர் கேட்கவில்லை. கம்பெனிக்காரர்களே ஒட்டிவிட்டு மாதாமாதம் முப்பது ரூபாய் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாதமே கிடங்கில் ஆள் புகுந்தான். பெட்டி தன் வேலையைச் சரியாகச் செய்தது. கூப்பிட்டது, காது கொடுத்துக் கேட்டது. மணிக்குப் பதில் நாதஸ்வரமும் தவிலும் ஒரு பாட்டும் வந்தன. தாளம் எதிலும் அடங்காத சத்தம், ஆகவே மனிதக் குரல், ஆகவே எடுத்துவிட்டார்கள் என்று முடிவு செய்து, “கிடங்குக் கதவு திறந்திருக்கிறது” என்று அந்தச் சினிமாப் பாட்டிடம் மூன்று முறை பணிவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. ஆறு தார்ப்பாயும் ஒரு தராசும் போயின. மச்சான் செல்போன் தலைமாட்டில் இரண்டு முறை சிணுங்கி அடங்கியிருந்தது.

தென்கொரியாவில் 2002-இல் எஸ்.கே. டெலிகாம் தொடங்கிவைத்த வியாபாரம் இது. இரண்டு மூன்று வருஷத்துக்குள் இங்கே வந்து சேர்ந்தது. கூப்பிடுகிறவனுக்கு உரிமையான ஒரு சத்தத்தை எடுத்து, கூப்பிடப்படுகிறவனிடம் வாடகைக்கு விட்ட வியாபாரம். மணி அடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டியவன் நான். என் காதில் என்ன கேட்க வேண்டும் என்று மாதம் முப்பது ரூபாய் கொடுத்து முடிவு செய்பவர் இன்னொருவர். கேட்காமல் ஒட்டுகிற அநியாயம் தாங்காமல்தான் 2013-இல் டிராய், இரண்டு முறை சம்மதம் வாங்கிய பிறகே எந்தக் கூடுதல் சேவையையும் தொடங்க வேண்டும் என்று உத்தரவு போட்டது.

அதற்குப் பிறகு மணியின் நீளத்திலேயே கை வைத்தார்கள். 2019-இல் நடந்தது இது. ஒரு கம்பெனி வாடிக்கையாளர் இன்னொரு கம்பெனி எண்ணைக் கூப்பிட்டால், கூப்பிட்ட கம்பெனி எடுத்த கம்பெனிக்கு நிமிஷத்துக்கு 6 பைசா தர வேண்டும் என்று அப்போது விதி. மணியைச் சீக்கிரம் நிறுத்திவிட்டால் அது மிஸ்டு காலாக விழும். எதிர்முனைக்காரர் திருப்பிக் கூப்பிடுவார். பைசா தலைகீழாகப் பாயும். ஜியோ மணியை இருபது, இருபத்தைந்து விநாடிக்குக் குறைத்தது. மற்றவர்கள் கூச்சல் போட்டார்கள். கூச்சல் போட்ட கையோடு தாங்களும் குறைத்தார்கள். மூன்று விநாடிக்கு ஒரு சுற்று என்ற கணக்கைப் போட்டுப் பாருங்கள். இருபது விநாடி என்றால் ஏழு மணிகூட முழுசாக இல்லை. மூட்டு வலியோடு கொல்லையிலிருந்து கூடத்துக்கு வருகிற நம்மைப் போன்றவர்கள் ஏழாவது மணிக்குள் எடுத்துவிட முடியுமா? கடைசியில் 2019 நவம்பரில் டிராய், செல்போனுக்கு 30 விநாடி, தரைவழி போனுக்கு 60 விநாடி என்று நிர்ணயித்தது. பத்து மணி, இருபது மணி. ஆறு பைசாவுக்காகக் கிழவர்களை ஓடவிட்டவர்கள் அப்போதுதான் நின்றார்கள்.

அரசாங்கமும் சளைத்ததல்ல. 2020-இல் கொரோனா வந்ததும் ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் இருமல் சத்தம், பிறகு உபதேசம். இரண்டு வருஷம் ஓடியது. 2021 மே மாதம், ஊசி கிடைக்காமல் ஜனங்கள் அலைந்தபோது போன் மட்டும் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னதை டெல்லி உயர் நீதிமன்றமே கண்டித்தது. அடுத்து 2024 கடைசியிலிருந்து 2025 நடுப்பகுதி வரை சைபர் திருடர்கள் பற்றிய எச்சரிக்கை. நல்ல செய்திதான். ஆனால் இடம் அதுவா? அவசர எண்களுக்கு அது ஒலிக்காது என்றார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் பாம்பு கடித்தால் முதல் போன் 108-க்குப் போகும் என்று டெல்லியில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் போலும். பெரும்பாலும் அது தெருமுனை ஆட்டோக்காரர் எண்ணுக்குத்தான் போகிறது. நடுராத்திரியில் கை நடுங்க அவரைக் கூப்பிடுகிறவளுக்குத் தேவை ஒரே தகவல்: மணி அடிக்கிறதா, இல்லையா?

“எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல்தானே சார் வசதி?” என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. எழுதப் படிக்கத் தெரியாத என் பெரியம்மா எங்கேஜ்டு டோனையும் மணியையும் ஒரே வாரத்தில் பிரித்துத் தெரிந்துகொண்டார். கோயில் மணிக்கும் சாவு மேளத்துக்கும் வித்தியாசம் தெரிந்தவருக்கு இது ஒரு பெரிய வித்தையா? குரல் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. குரல் வரும்முன் டோன் வரட்டும் என்கிறேன். உலக நாடுகள் எப்போதோ இதற்கு வழி கண்டாகிவிட்டது. பதிவுக் குரல் வரும் முன்பு 950, 1400, 1800 ஹெர்ட்ஸ் என்று ஏறுமுகமாக மூன்று ஒலி, ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு விநாடி. கேட்டவுடன் மனிதனுக்கும் புரியும், இயந்திரத்துக்கும் புரியும்: “இனி வருவது ஆள் இல்லை, அறிவிப்பு.”

“எல்லாம் வாட்ஸ்அப்பில் போய்விட்டது” என்பார்கள் அடுத்து. சரி, வாட்ஸ்அப்பிலேயே கவனித்துப் பாருங்கள். முதலில் ‘காலிங்’ என்று காட்டும். எதிர்முனைப் போனைப் போய்த் தொட்ட பிறகுதான் ‘ரிங்கிங்’ என்று மாறும். போய்ச் சேரவில்லை, சேர்ந்துவிட்டது என்ற வேறுபாட்டைச் சொல்லும் பழைய எக்ஸ்சேஞ்ச் ஒழுக்கம் அங்கே பிழைத்திருக்கிறது. இலவச செயலியால் முடிவது, மாதாமாதம் ரீசார்ஜ் வாங்குகிற கம்பெனிகளால் ஏன் முடியவில்லை?

என் கோரிக்கைகள் நாலே நாலு.

ஒன்று: மணி அடித்தால் முதல் இரண்டு சுற்று, அதாவது ஆறு விநாடி, சுத்தமான மணி டோன். அதன் பிறகு உங்கள் பாட்டு, பக்தி, விளம்பரம் எதுவானாலும்.

இரண்டு: நெரிசலுக்கும் கோபுரக் கோளாறுக்கும் அந்தப் பழைய வேக டோனைத் திருப்பிக் கொடுங்கள். குரலும் வேண்டுமென்றால், “கோளாறு எங்கள் பக்கம்” என்று எழுவாயை மாற்றிச் சொல்லுங்கள்.

மூன்று: அணைத்த போனுக்கும் நீங்கள் தொலைத்த போனுக்கும் வெவ்வேறு அறிவிப்பு.

நாலு: பொதுநல உபதேசம் எதுவானாலும் குறுஞ்செய்தியாக வரட்டும், அழைப்பின் வாசலை மறிக்கக் கூடாது.

இதில் எதற்கும் புது விஞ்ஞானம் தேவையில்லை. எட்டுக் கால் சில்லு புரிந்துகொண்ட பாஷையை அந்த மாபெரும் வலையமைப்புகள் மறுபடி பேச வேண்டும், அவ்வளவே.

வாசக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேட்காமல் பாட்டு வந்து ஒட்டியிருந்தால் 155223-க்குக் கூப்பிட்டு நீக்குங்கள். கையில் உயிரோடு இருந்த போனை ‘சுவிட்ச் ஆஃப்’ என்று குரல் சொன்னதாகத் தெரியவந்தால், தேதி, நேரம், இரண்டு எண்கள் நான்கையும் ஒரு நோட்டில் குறித்து 198-க்குப் புகார் செய்து புகார் எண் வாங்குங்கள். எண் கொடுக்காமல் மழுப்பினால் விடாதீர்கள். அந்தக் காலத்தில் நீங்கள் திட்டத் திட்டத்தான் எங்களுக்கு ஜங்ஷன் வந்தது. இப்போதும் திட்டுங்கள், சரியான விலாசத்துக்கு.